மணல் வளவுக்கு ஒரு கணக்கு, களி வளவுக்கு இன்னொரு கணக்கு: மட்டக்களப்பு, அம்பாறை வீட்டுப் புல்தரைக்குத் தண்ணீர் விடும் முறை

வருட நடுவில் தென்மேற்கில் இருந்து வீசும் வரண்ட கச்சான் காற்று தொடங்கி இரண்டு கிழமை போனால் போதும், நம் பக்கத்துப் புல்தரைகள் பாதி மஞ்சளாகிவிடும். அந்த வீட்டுக்காரர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "தினமும் பின்னேரம் தண்ணி விடுறோமே." அவர்கள் சொல்வது உண்மை. தினமும் பத்து நிமிடம் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் செய்கிறார்கள். புல் காய்வதற்குக் காரணமும் அதுவேதான். பத்து நிமிடத் தண்ணீர் மேல்மண்ணை ஓரிரு சென்ரிமீற்றர் நனைப்பதோடு சரி, அடுத்த நாள் மதியத்துக்குள் ஆவியாகிவிடும். ஈரம் இருக்கும் இடத்தில்தான் வேர் தங்கும். ஈரம் மேலேயே இருந்தால் வேரும் மேலேயே கிடக்கும், ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் வாடிவிடும்.

முன்பெல்லாம் வீட்டு முற்றம் என்றால் மணல்தான். விடியப் பெருக்கி, கோடு விழ விட்டுவைப்பது நம் வழமை. இப்போது புதிதாகக் கட்டும் வீடுகளில் முன்பக்கம் ஒன்றிரண்டு பேர்ச்சாவது (காணி அளக்கும் அலகு) புல் பதிக்கிறார்கள். பார்க்க அழகு, வீட்டு வாசல் சூடும் கொஞ்சம் குறையும். ஆனால் புல் பதித்துத் தருபவர் தண்ணீர் விடும் கணக்கைச் சொல்லித் தருவது குறைவு. சொன்னாலும் எல்லா வளவுக்கும் ஒரே கணக்கைச் சொல்லிவிட்டுப் போவார். கல்லடி மணலுக்குச் சரியாக இருப்பது வவுணதீவுக் களிக்குச் சரிவராது.

முதல் வேலை: மண்ணைத் தோண்டிப் பார்ப்பது

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் எழுவான்கரை முழுக்க மணல். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, தெற்கே கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில் வரை கடலோரத்தில் இதே நிலைதான். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயலை ஒட்டிய வளவுகளில் களியும் வண்டலும். அம்பாறையின் உட்பகுதிக்குப் போனால் காய்ந்ததும் கல்லாக இறுகும் செம்மண். இன்னொரு வகையும் இருக்கிறது: பள்ளக் காணியை உயர்த்தக் கிறவல் (சரளை மண்) கொட்டி, அதை இறுக்கி, மேலே இரண்டு அங்குலம் மட்டும் நல்ல மண் பரப்பிப் புல் பதித்த வளவு. தண்ணீர் விடுவதற்கு மிகவும் கஷ்டமான இடம் அதுதான்.

புல்தரையின் ஒரு மூலையில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பழைய குசினிக் கத்தியால் நாலு பக்கமும் கீறி, 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு துண்டை அப்படியே கிளப்பி எடுங்கள். வேர் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு அடியில் இருக்கும் மண்ணில் ஒரு பிடி எடுத்துக் கசக்குங்கள். ஈர மணல் கொஞ்சம் கறுத்து, பிடித்த பிடியில் நிற்கும். விரலால் தொட்டதும் உடைந்துவிடும். காய்ந்த மணல் பிடியிலேயே நிற்காது, விரலிடுக்கால் வழியும். களி என்றால் திரிபோல உருட்ட வரும். பார்த்து முடிந்ததும் துண்டை இருந்த இடத்திலேயே வைத்து மிதித்துவிடுங்கள், இரண்டு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

புல்தரை பற்றிய குறிப்புகளில் "ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பாருங்கள், சுலபமாக இறங்கினால் ஈரம் இருக்கிறது" என்று சொல்வார்கள். களியிலும் செம்மண்ணிலும் அது நல்ல சோதனை. எழுவான்கரை மணலில் அது வேலைக்காகாது. காய்ந்த மணலிலும் ஸ்க்ரூ டிரைவர் சுலபமாகத்தான் இறங்கும். அங்கே தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் தேவை

ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சரியாக ஒரு லீற்றர். ஒரு பேர்ச் என்பது 25 சதுர மீற்றரை ஒட்டியது. ஆகவே ஒரு பேர்ச்சுக்கு 1 மில்லிமீற்றர் விட 25 லீற்றர் வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் பெருக்கல்தான்.

நம் பகுதி வெயிலில், வளர்ந்து வேர் பிடித்த புல் ஒரு நாளைக்கு 3 முதல் 4 மில்லிமீற்றர் வரை இழக்கும். வாரத்துக்கு ஏறத்தாழ 25 மில்லிமீற்றர். கச்சான் பலமாக வீசும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் 30 வரை போகும். பெப்ரவரி, மார்ச்சில் 20 போதும். இது மணலுக்கும் களிக்கும் பொதுவான தொகை. இதை எத்தனை தடவையாகப் பிரித்துக் கொடுப்பது என்பதில்தான் வித்தியாசம்.

மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. புல்லின் வேர் 15 சென்ரிமீற்றர் போயிருந்தால், அந்த ஆழத்து மணலில் புல்லுக்குப் பயன்படும்படி நிற்கக்கூடியது 10, 12 மில்லிமீற்றர்தான். அதற்கு மேல் விடுவது வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். ஆகவே மணல் வளவுக்கு மூன்று நாளைக்கு ஒரு தடவை, தடவைக்கு 11 மில்லிமீற்றர் அளவில். இரண்டு பேர்ச் புல்தரை என்றால் தடவைக்கு 550 லீற்றர்.

களியும் செம்மண்ணும் அதே ஆழத்தில் இரண்டு மடங்கு பிடித்து வைக்கும். அங்கே ஐந்து, ஆறு நாளைக்கு ஒரு தடவை 20 மில்லிமீற்றர். இரண்டு பேர்ச்சுக்கு ஆயிரம் லீற்றர், அதாவது வீட்டுக் கூரையில் நிற்கும் சாதாரண டாங்கி ஒன்று நிறைய. இவ்வளவையும் ஒரே மூச்சில் விட முடியாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மணலில் கூடுதலாக விடுவதால் தண்ணீர் மட்டும் வீணாவதில்லை. புல்லுக்கு யூரியா போட்டிருந்தால் அதுவும் கரைந்து கீழே இறங்கும். நம் கடலோர வளவுகளில் கிணற்றுத் தண்ணீர் சில அடி ஆழத்தில்தான் இருக்கிறது, புல்தரைக்கும் கிணற்றுக்கும் இடையே இருப்பது வெறும் மணல். புல்லுக்குப் போட்ட பசளை குடிக்கும் தண்ணீரில் நைத்திரேற்றாக வந்து சேரும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

உங்கள் குழாய் எவ்வளவு தருகிறது

நிமிடக் கணக்கில் தண்ணீர் விடுகிறவர்களில் அநேகருக்கு அந்த நிமிடத்தில் எத்தனை லீற்றர் வருகிறது என்று தெரியாது. 10 லீற்றர் வாளியை வைத்து, குழாயை முழுதாகத் திறந்து, போனில் நேரம் பாருங்கள். 40 விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 15 லீற்றர். இரண்டு பேர்ச் மணல் புல்தரைக்கு 550 லீற்றர் விட 37 நிமிடம் ஆகும். கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் ஒருவர் நிற்பது நடக்கிற காரியமில்லை. பத்து நிமிடத்தில் கை வலிக்கும், நிலம் நனைந்தது போலத் தெரியும், குழாயை மூடிவிடுவோம். அதனால்தான் ஒரு பேர்ச்சுக்கு மேற்பட்ட புல்தரைக்கு ஸ்பிரிங்ளர் ஒன்று வாங்குவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். விலையானது வேண்டாம். தரையில் வைத்து ஹோஸைப் பூட்டும் சாதாரணமானது போதும்.

ஸ்பிரிங்ளர் வாங்கியதும் ஒரு தடவை பேணி வைத்து அளந்துவிடுங்கள். வாய் அகலமும் அடி அகலமும் ஒன்றாக இருக்கும் டின்மீன் பேணிகளில் ஏழெட்டைச் சேர்த்துக் கழுவி, புல்தரையில் பரவலாக வையுங்கள். ஒன்று ஸ்பிரிங்ளருக்குப் பக்கத்தில், ஒன்று மதில் ஓரத்தில், ஒன்று தென்னை அடியில், மற்றவை இடைநடுவில். 20 நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். பிள்ளைகளின் அடிமட்டத்தை ஒவ்வொரு பேணியிலும் நிறுத்தி உயரத்தைப் பாருங்கள். அடிமட்டத்தின் நுனியில் இருந்து பூச்சியக் கோடு வரை இருக்கும் சின்ன இடைவெளியைச் சேர்க்க மறக்கக்கூடாது. சராசரி 6 மில்லிமீற்றர் வந்தால், 11 மில்லிமீற்றருக்கு 37 நிமிடம் விட வேண்டும்.

சராசரியைவிட முக்கியம் பேணிக்குப் பேணி உள்ள வித்தியாசம். ஒன்றில் 10, இன்னொன்றில் 2 என்று நின்றால் மஞ்சள் திட்டு எங்கே வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம். ஸ்பிரிங்ளரை இரண்டு மூன்று இடத்துக்கு மாற்றி வைத்து, வீச்சு ஒன்றின் மேல் ஒன்று விழும்படி செய்யுங்கள். அளந்து முடிந்ததும் பேணிகளைக் கவிழ்த்து எடுத்து வைத்துவிட வேண்டும். தண்ணீர் நிற்கும் ஒரு பேணி போதும், டெங்கு நுளம்பு முட்டையிட.

எந்த நேரம்

விடிய 5 மணியில் இருந்து 8 மணிக்குள். வெயிலைவிடக் காற்றுதான் இதற்குப் பெரிய காரணம். கச்சான் காலத்தில் காலை ஏற ஏறக் காற்றும் ஏறும். ஸ்பிரிங்ளரில் இருந்து வரும் நுண்ணிய துளிகள் பக்கத்து வளவுக்கும் ரோட்டுக்கும் போகும். வெள்ளன விட்டால் தண்ணீர் விழ வேண்டிய இடத்தில் விழும். குழாய் நீர் பாவிக்கும் வீடுகளில், எல்லாரும் குளிக்கவும் சமைக்கவும் தொடங்குமுன் அழுத்தமும் நன்றாக இருக்கும்.

பின்னேரம் விடுவதில் என்ன பிழை? இலை இரவு முழுக்க ஈரமாக இருக்கும். நம் ஊர்ச் சூட்டில் ஈர இலையில் பூஞ்சணம் பிடிக்க அது போதும். வட்ட வட்டமாகப் பழுப்புத் திட்டு வந்தால் "தண்ணி காணாது" என்று நினைத்து இன்னும் விடுவார்கள், நோய் இன்னும் பரவும். வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலையில் முடியாது என்றால், பின்னேரம் 4 மணிக்குத் தொடங்கி, இருட்டுமுன் இலை காய்ந்துவிடும்படி முடியுங்கள்.

மதிய வெயிலில் தண்ணீர் விட்டால் துளி கண்ணாடி போல வேலை செய்து இலையைச் சுட்டுவிடும் என்று சொல்வதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். அந்த நேரத்தில் ஆவியாகி வீணாவதுதான் உண்மையான நட்டம். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் மட்டும் கதை வேறு. தண்ணீர் காய்ந்த இடத்தில் உப்பு படிந்து இலை நுனி கருகும்.

களியிலும் செம்மண்ணிலும் விட்டு விட்டுப் பாய்ச்சுதல்

இந்த மண்ணில் தண்ணீர் மெதுவாகத்தான் உள்ளே போகும். 20 மில்லிமீற்றரை ஒரே தடவையில் விட்டால் பாதி வடிந்து கானுக்குப் போகும். முதலில் 10 நிமிடம் விடுங்கள். மேலே தேங்கத் தொடங்கினால் அதற்கு முன்பே நிறுத்துங்கள். அரை மணித்தியாலம் விட்டுவிட்டு, நிலம் குடித்த பிறகு மறுபடியும் 10 நிமிடம். தேவையான அளவு சேரும்வரை இப்படியே. நடுவில் தேநீர் குடிக்கலாம், முற்றம் கூட்டலாம். சரிவான இடத்தில் மேல் பக்கத்துக்குக் கூடுதல் தடவை கொடுங்கள், கீழ்ப் பக்கத்துக்கு மேலிருந்து வடிவதும் சேரும்.

கிறவல் நிரப்பிய வளவில் இதுவும் போதாது. இறுகிய கிறவலுக்குள் வேரும் போகாது, தண்ணீரும் போகாது. மாரி முடிந்து மண் இளகி இருக்கும் நேரத்தில் தோட்ட முள்ளால் (ஃபோர்க்) ஒரு சாண் இடைவெளியில் குத்தி ஆட்டி, துளைகளுக்குள் சலித்த கூட்டெருவும் மணலும் கலந்து நிரப்புங்கள். வருடத்துக்கு ஒரு தடவை செய்தாலே இரண்டாம் வருடம் வித்தியாசம் தெரியும்.

மணலில் தண்ணீர் ஒட்டாத திட்டு

மணல் வளவுக்காரரைக் குழப்பும் விடயம் ஒன்று உண்டு. கணக்காகத் தண்ணீர் விட்டும் ஒரு பாய் அளவு இடம் மட்டும் காய்ந்தே கிடக்கும். தோண்டினால் மேலே அரை அங்குலம் ஈரம், அடியில் தூசு போல வறண்ட மணல். நீண்ட நாள் முழுதாகக் காய்ந்த மணலின் மேல், உக்கிய புல்லில் இருந்து வரும் மெழுகுப் பொருள் படிந்துவிடும். பிறகு அந்த மணல் தண்ணீரைத் தள்ளும். ஒரு துளி விட்டுப் பாருங்கள். உறிஞ்சாமல் முத்துப் போலச் சிறிது நேரம் உருண்டு நின்றால் அதுதான் விடயம்.

இதற்கு ஒரு தடவை நிறையத் தண்ணீர் ஊற்றுவது மருந்தாகாது. முள்ளால் நெருக்கமாகக் குத்தி, பூவாளியால் கொஞ்சம் நனைத்து, இருபது நிமிடம் விட்டு, திரும்ப நனைத்து, இப்படி மூன்று நாலு தடவை. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செய்தால் மணல் மறுபடியும் ஈரம் பிடிக்கத் தொடங்கும். பிறகு அந்த இடத்தை முழுதாகக் காயவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே மெல்லியதாகக் கூட்டெரு தூவி வருவதும் நீண்ட காலத்துக்கு நல்லது.

கிணற்றுத் தண்ணீரும் உப்பும்

கடலோரத்தில் நம் கிணறுகளில் இருப்பது மழையால் சேர்ந்த நல்ல தண்ணீர். அது அடியில் இருக்கும் கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கீழே நாற்பது அடி வரை அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நீரியலில் உள்ள பொதுக் கணக்கு. மேலே மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் கீழிருந்து உப்பு ஏறத் தொடங்குவது இதனால்தான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடல் நீர் புகுந்த கிணறுகளைச் சுத்தம் செய்ய மோட்டர் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்த இடங்களில், சுத்தமாவதற்குப் பதில் இன்னும் உப்பேறியதைக் கரையோர மக்கள் கண்டிருக்கிறார்கள். அந்தக் கிணறுகளைத் தேற்றியது மாரி மழைதான்.

ஆகவே வரட்சிக் காலத்தில் மோட்டரைப் போட்டு ஒரு மணித்தியாலம் ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். புல்தரையை இரண்டாகப் பிரித்து, பாதிக்கு இன்று, பாதிக்கு நாளை. மோட்டர் போடுமுன் தண்ணீர் கிணற்றின் எத்தனையாவது வளையத்தில் நிற்கிறது என்று எட்டிப் பாருங்கள். அடுத்த நாள் விடிய அதே வளையத்துக்குத் திரும்பி வராவிட்டால், புல்லுக்கு இறைப்பதை நிறுத்த வேண்டும். குடிக்கும் தண்ணீருக்குத்தான் முதலிடம். தேநீரில் ருசி மாறியிருப்பதை வீட்டில் யாராவது சொல்வார்கள், அதையும் கவனியுங்கள்.

ஓரளவு உப்புள்ள தண்ணீரையே விட வேண்டியிருந்தால், அறுகு போன்ற மெல்லிய இலைப் புல் தாங்கும். அகன்ற இலைப் புல்லில் பல வகை தாங்காது. மாதம் ஒரு தடவை வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு தண்ணீர் விட்டு, வேரடியில் சேர்ந்த உப்பைக் கீழே கழுவி அனுப்புங்கள். அந்த மாதத்தில் யூரியா போட வேண்டாம்.

குழாய் நீர் பாவிப்பவர்களுக்கு

மட்டக்களப்புப் பக்கத்துக்கு உன்னிச்சைக் குளத்தில் இருந்தும், அம்பாறைப் பக்கத்துக்குக் கொண்டவட்டவான் குளத்தில் இருந்தும் சுத்திகரித்து வருகிற தண்ணீர் இது. நீர் வழங்கல் சபையின் பில்லில் ஒரு யூனிட் என்பது ஆயிரம் லீற்றர். இரண்டு பேர்ச்சுக்கு வாரம் 25 மில்லிமீற்றர் என்றால் 1250 லீற்றர், மாதத்துக்கு 5 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். பாவனை கூடக் கூட யூனிட் விலையும் ஏறுவதால், இந்த 5 யூனிட்டும் உங்கள் பில்லின் விலை கூடிய படியில்தான் போய் விழும். புல் பதிக்குமுன் இதைக் கணக்குப் பார்ப்பது நல்லது. ஒரு பேர்ச் போதுமா, மீதியை மணலாகவே விடலாமா என்று அப்போது தீர்மானிக்கலாம்.

நாட்காட்டியைவிடப் புல்லைப் பாருங்கள்

மேலே சொன்ன மூன்று நாள், ஐந்து நாள் எல்லாம் தொடக்கக் கணக்கு. புல்லே சொல்லும். பின்னேரம் புல்லின் மேல் வெறுங்காலோடு நடந்து திரும்பிப் பாருங்கள். தண்ணீர் உள்ள புல் சில விநாடியில் நிமிரும். கால் தடம் பதிந்தபடியே கிடந்தால் அடுத்த நாள் விடிய விட வேண்டும். இலை நடு நரம்போடு மடிந்து, பச்சை மங்கிச் சாம்பல் நீலம் தட்டினாலும் அதே அர்த்தம். முதலில் நிறம் மாறுவது பெரும்பாலும் சீமெந்து நடைபாதை ஓரமும் மதிலின் மேற்குப் பக்கமும்தான். அந்த இடத்துக்கு மட்டும் பூவாளியால் கொடுத்து, மற்றதை இன்னொரு நாள் தாமதிக்கலாம்.

தென்னைக்கும் மாவுக்கும் கீழே நிழல் இருப்பதால் ஆவியாவது குறைவு, ஆனால் மரத்தின் வேரும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறது. அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

வெட்டும் உயரமும் தண்ணீர்க் கணக்கில் சேரும். கச்சான் காலத்தில் புல்லை 4, 5 சென்ரிமீற்றருக்குக் கீழே வெட்ட வேண்டாம். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவும் வேண்டாம். நீண்ட இலை தன் அடி மண்ணுக்குத் தானே நிழல் கொடுக்கும்.

புதுப் புல்

புதிதாகப் பதித்த புல்லுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. வேர் இல்லாததால் முதல் பத்து நாள் காலையும் மதியமும், தேவைப்பட்டால் பின்னேரமும் கொஞ்சம் கொஞ்சமாக நனைக்க வேண்டும். புல்லை மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிடித்து இழுத்தால் வராத நிலை வந்ததும் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு இரண்டு நாள் இடைவெளி என்று தள்ளிக்கொண்டே போங்கள். பதிக்க நல்ல மாதம் ஒக்டோபர். மழை தொடங்கியிருக்கும், பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். மே, ஜூனில் பதிப்பது தண்ணீரையும் காசையும் மணலில் ஊற்றுவதுதான்.

தண்ணீர் இல்லாத காலம்

படுவான்கரைக் கிராமங்களுக்குப் பவுசர் லொறியில் குடிதண்ணீர் போகும் அளவுக்கு வரட்சி வந்தால், புல்தரையைத் தூங்க விடுங்கள். அறுகும் அது போன்ற புற்களும் இலையைக் காயவிட்டு, கணுவிலும் நிலத்தடித் தண்டிலும் உயிரை வைத்துக்கொள்ளும். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை 10 மில்லிமீற்றர் கொடுத்தால் அந்தத் தண்டு சாகாது. அதற்கும் வழியில்லை என்றால் விட்டுவிடுங்கள், அறுகு மழைக்குத் திரும்ப வரும். காய்ந்திருக்கும்போது அதன் மேல் வாகனம் நிறுத்துவதும் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவதும் மட்டும் வேண்டாம். பசளையும் போடக்கூடாது. அகன்ற இலைப் புல் இவ்வளவு தாங்காது, திட்டுத் திட்டாகச் செத்துப்போகும். அந்த இடங்களை ஒக்டோபரில் அறுகு வைத்து நிரப்பலாம்.

மாரியில்

நவம்பரில் இருந்து ஜனவரி வரை வருடத்து மழையின் பெரும்பகுதி கொட்டிவிடும். ஸ்பிரிங்ளரைக் கழற்றிக் கழுவி உள்ளே வையுங்கள். இந்த மூன்று மாதத்தில் வேலை தண்ணீர் விடுவதல்ல, வடிய விடுவது. 24 மணித்தியாலத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும் பள்ளங்களைக் குறித்து வைத்து, மழை ஓய்ந்ததும் மணல் போட்டுச் சமப்படுத்துங்கள்.

மற்ற மாதங்களில் இடையிடையே மழை பெய்தால், வெட்டவெளியில் வைத்த ஒரு பேணியில் அளந்து அந்த வாரத்து 25-இல் கழித்துவிடலாம். 3, 4 மில்லிமீற்றர் தூறலைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அது இலையோடு போய்விடும். பேணியை அளந்த அன்றே கவிழ்த்து வையுங்கள்.

பெப்ரவரியில் மழை விட்டதும் உடனே குழாயைத் திறக்க அவசரப்பட வேண்டாம். பழையபடி ஒரு மூலையில் 15 சென்ரிமீற்றர் தோண்டிப் பாருங்கள். மணல் வளவில் ஒரு வாரமும் களி வளவில் இரண்டு வாரத்துக்கு மேலும் அடியில் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தைத் தேடித்தான் வேர் கீழே இறங்கும், கச்சானுக்கு முன் வேரை ஆழமாக்கக் கிடைக்கும் நல்ல சந்தர்ப்பம் அது. கால் தடம் நிமிராமல் கிடக்கும் நாள் வரை பொறுத்திருந்து, முதல் தண்ணீரை அடுத்த நாள் விடிய விடுங்கள்.